அவன் சமையலறையில் அவள் ஓடிய தெருக்கள்

"யோவ்… கண்ணு தெரியலையா?"

இப்படிக் கத்தியவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். காலையிலிருந்து மாலை வரை ஊரார் கண்களை உற்றுப் பார்ப்பதுதான் அவளுடைய பிழைப்பு. அவள் கேட்ட கேள்விக்கு, ஈரத் தரையில் சைக்கிளோடு சேர்ந்து கிடந்தவன் ரொம்பப் பணிவாகப் பதில் சொன்னான்.

"தெரியலைங்க… நிஜமாவே தெரியல. என் கண்ணாடி எங்க விழுந்துதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பூங்காவைச் சுற்றிப் போகும் பாதை அது. அவள் தினமும் ஓடும் பாதை. சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்துக்கொள்ள, அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓட, திருப்பத்தில் அவன் சைக்கிள் வர… கடைசி நொடியில் அவளை இடிக்காமல் இருக்க அவன் செடிவேலிப் பக்கமாக ஹேண்டிலை ஒடித்துவிட்டான். முழங்கை மட்டும் உரசியது. விழுந்தது அவன்தான்.

கண்ணாடியைத் தேடினாள். கிடைத்தது. அவள் ஷூவுக்குக் கீழே.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது… ஆனா…"

"உடைஞ்சு போச்சா?"

"நான் மிதிச்சுட்டேன்." அடுத்த மூச்சிலேயே சமாளித்தாள். "ஆனா தப்பு உங்க மேலதான். அவ்வளவு வேகமா வரலாமா?"

"வேகமா வரலைங்க. சத்தியமா. வாட்ச்ல இருக்கு பாருங்க…" அவன் மணிக்கட்டை நீட்டினான். அவள் நின்றதற்கு நேர் எதிர்ப் பக்கம். யாருமில்லாத ஒரு மரத்துக்குத் தன் வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓரடி பின்னால் போனாள்.

"இதெல்லாம்… பதிவாகுதா? நான் இங்க ஓடறது, நீங்க இடிச்சது…"

"நான் வந்த வழி மட்டும் பதிவாகும்ங்க."

"அது எங்க போகும்?"

"எங்க வீட்டுச் சமையலறைக்கு."

இப்போது சிரிப்பு வந்துவிட்டது. கூடவே, இந்த ஆளை இப்படியே மழையில் விட்டுவிட்டுப் போனால் அடுத்த தெருவில் லாரியோடு பேசிக்கொண்டிருப்பான் என்றும் தோன்றியது.

"வாங்க… எங்க கடை பக்கத்துலதான். கேரியரைப் பிடிச்சுக்கோங்க."

சைக்கிளை அவள் தள்ள, கேரியரைப் பிடித்தபடி அவன் பின்னால் வந்தான். மழை இருவரையும் பாரபட்சமில்லாமல் நனைத்தது. பள்ளம் வந்தபோதெல்லாம் அவள் "பள்ளம்" என்றாள். பள்ளம் இல்லாத இடத்திலும் ஒருமுறை சொன்னாள். சும்மாதான். அவன் அங்கேயும் பவ்யமாகக் காலைத் தூக்கி வைத்தான்.

கடையை இன்னும் திறக்கவில்லை. ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, அவனை இருட்டறையில் உயர நாற்காலியில் உட்காரவைத்தாள். கருவிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். இதுவரை எத்தனையோ பேர் உட்கார்ந்த நாற்காலிதான். கண் என்பது அவளுக்கு ஒரு லென்ஸ், ஒரு திரை, ஒரு நரம்பு. அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு… மழையில் நனைந்த இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்க, எதையும் தெளிவாகப் பார்க்க முடியாமல், ஆனாலும் எதிரில் இருப்பவளை நம்பி அகல விரிந்திருந்த அந்தக் கண்கள்… அவளுக்கு லென்ஸ் மறந்தது. நரம்பும் மறந்தது.

"இது தெளிவா இருக்கா… இல்ல, இதுவா?"

"ரெண்டுமே தெரியலைங்க."

"ரெண்டுமேவா? அப்படி இருக்காதே!"

"நீங்க எழுத்துக்குக் குறுக்க நிக்கறீங்க…"

நாக்கைக் கடித்துக்கொண்டு விலகினாள். நல்லவேளை, அறை இருட்டு.

லென்ஸ் வெட்டி மாட்டும்வரை அவன் காத்திருக்க வேண்டியிருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக்காம். நாள் முழுக்க உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் வேலை. அதனால்தான் வெளிச்சத்துக்காகக் காலையில் சைக்கிள். ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, மனதைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டாள்.

"சமையலறைன்னீங்களே… அது என்ன?"

"அதுவா…" அவன் முகம் மலர்ந்தது. "ஓடறது, நடக்கறது, சைக்கிள் ஓட்டறது எல்லாத்தையும் எழுதி வைக்கப் பெரிய கம்பெனிக்காரங்க ஆப் தர்றாங்க இல்ல? சும்மாதான் தர்றாங்க. ஆனா நான் எப்ப எழுந்திரிக்கறேன், எந்தத் தெருவுல போறேன், இதயம் எப்படித் துடிக்குதுன்னு எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கறாங்க. என் இதயத்துடிப்பு ஊர் பேர் தெரியாதவங்க வீட்டுக்கு எதுக்குங்க போகணும்?"

"அதனால?"

"அதே வேலையைச் செய்யற மென்பொருளை யாரோ நல்ல மனுஷங்க எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னு பொதுவுல வச்சிருக்காங்க. எப்படி எழுதியிருக்குன்னுகூட ஒளிக்கல. திறந்து பார்க்கலாம். அதை எடுத்து என் பழைய லேப்டாப்புல போட்டேன். திரை உடைஞ்ச லேப்டாப்புங்க… சமையலறை அலமாரியில சர்க்கரை டப்பா பக்கத்துல குந்தியிருக்கு. நானும் சில சிநேகிதக்காரங்களும் எங்க ஓட்டத்தையெல்லாம் அதுலதான் போட்டு வைக்கறோம்."

அவள் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லாததை, அறிமுகமாகி ஒரு பொழுதுகூட ஆகாத ஒருவனிடம் ஏன் சொன்னாள் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறாள். அவளும் முன்பு அப்படி ஓர் ஆப் வைத்திருந்தாள். யார் கண்ணுக்கெல்லாம் தெரிகிறது என்று பார்க்காமலே வைத்திருந்தாள். ஒருநாள் பூங்கா வாசலில் முன்பின் தெரியாத ஒருவன், "நேத்து ஏன் மெதுவா ஓடினீங்க, உடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாக விசாரித்தான். மறுநாள் அதே இடத்தில் நின்று அவள் வீட்டு ஜன்னல் திரையின் நிறத்தைச் சொன்னான். அவள் ஆப்பை அழித்தாள். அந்த வீட்டையும் காலி செய்து அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஓடுவதை மட்டும் விட முடியவில்லை.

அவன் ஒன்றும் சொல்லாமல் கேட்டான். "அடடா" கூடச் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"அந்தச் சர்க்கரை டப்பா பக்கத்துல… எனக்கும் ஒரு இடம் கிடைக்குமா?"

"தாராளமா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். 'எனக்கு மட்டும்'னு நீங்க போட்டு வச்சா வேற யாருக்கும் தெரியாது. ஆனா மிஷின் என்னோடது. சாவி என்கிட்ட இருக்கு. நெனச்சா நான் திறந்து பார்க்கலாம்."

"பார்ப்பீங்களா?"

"மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் மறுபடி கையில் வாட்ச் கட்டினாள்.

அப்புறம் நடந்ததற்கு அவள் பொறுப்பல்ல, அவள் கால்கள்தான் பொறுப்பு. பூங்காவைச் சுற்றிக்கொண்டிருந்த ஓட்டம் மெல்ல மெல்ல அச்சகத் தெருப் பக்கம் ஒதுங்கியது. அங்கேதான் நீலக் கதவு போட்ட கட்டடத்தில் அவன் குடியிருந்தான். முதல் தடவை தற்செயல். அதற்குப் பிறகு தற்செயல் என்று சொன்னால் அவளுக்கே சிரிப்பு வரும். வாசலில் சைக்கிள் நின்றால் அவன் உள்ளே இருக்கிறான். நிற்காவிட்டால் போய்விட்டான். அதைப் பார்ப்பதற்கு ஒரு சுற்று, பார்த்ததை உறுதி செய்ய இன்னொரு சுற்று…

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் எல்லாம் இருக்கும். வரைபடத்தில் ஊர் முழுக்க மெல்லிய கோடுகள். அச்சகத் தெருவில் மட்டும் ஓடி ஓடித் தடித்துப்போன கோடு. அதற்குக் கீழே இதயத்துடிப்பு. எங்கும் சமமாகப் போகிற கோடு, மேடே இல்லாத அந்தத் தெருவில் மட்டும் மலை ஏறுகிறவளுடையதைப் போல எகிறி நிற்கும். அவள் விரலால் திரையில் அந்த மேட்டைத் தடவிப் பார்ப்பாள். 'எனக்கு மட்டும்' என்று மூலையில் சிறியதாக எழுதியிருக்கும். என்ன தைரியம் கொடுத்த எழுத்து அது!

அவனும் கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தான். கண்ணாடியின் திருகாணி லூசாகிவிட்டதாம். மறுபடி. மறுபடியும்.

"லிஃப்டையே கழட்டி மாட்டறவனுக்கு ஒரு திருகாணி முடுக்கத் தெரியாதாடி?" என்றாள் அக்கா.

"சின்ன ஆணிக்கா… கண்ணுக்குத் தெரியாது."

"உனக்குத்தான் எதுவும் கண்ணுக்குத் தெரியல."

திருகாணியை முடுக்கி, கண்ணாடியை அவன் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொழில் முறை அது. அந்த நேரத்தில் இருவருமே மூச்சு விடுவதில்லை. "இறுக்கமா இருக்கா?" என்பாள். "இல்லைங்க" என்பான். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லமாட்டானா என்று நெஞ்சு கிடந்து தவிக்கும். கதவுமணி கிணுகிணுக்க அவன் போய்விடுவான். கடை சட்டென்று பெரியதாகிவிடும்.

இப்படியே போயிருக்கும், பேக்கரிக்காரர் வராமல் இருந்திருந்தால்.

பேக்கரிக்காரர் அவனுடைய சிநேகிதர் கூட்டத்தில் மூத்தவர். எடை குறைக்க நடப்பவர். படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவர், அவளைப் பார்த்ததும் உண்மையான கவலையோடு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மாடி… தப்பா நினைக்காத. நீ ஒரு தடவை இதய டாக்டரைப் பாரேன்."

"எதுக்கு சார்?"

"இல்ல… ஓடறப்ப எல்லா இடத்துலயும் நல்லாதான் துடிக்குது. அச்சகத் தெருவுல நம்ம லிஃப்ட் தம்பி வீடு வந்தாதான் எகிறுது. தினமும் எகிறுது. நானும் ஒரு வாரமாப் பார்க்கறேன்…"

சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பாதியில்தான் விளங்கியது. வாய் அப்படியே நின்றது. "அட… அட, அப்படியா சங்கதி…" என்று அசடு வழிந்துவிட்டு, கண்ணாடியை வாங்காமலே நழுவினார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூங்கா வாசல்… ஜன்னல் திரை… போனை எடுத்தாள்.

"என் மேப் எல்லாருக்கும் தெரியுதாமே?"

மறுமுனையில் விசைப்பலகையின் படபடப்பு. பிறகு அவன் குரல், உயிரே இல்லாமல்.

"போன வாரம் அந்த மென்பொருளோட புதுப் பதிப்பு போட்டேன். கூட வந்த குறிப்பைப் படிக்காமப் போட்டுட்டேன். அதுல… 'எனக்கு மட்டும்'னு இருக்கறது எல்லாம் 'உறுப்பினர் எல்லாருக்கும்'னு மாறிடும், திரும்ப நீங்களே மாத்திக்கணும்னு எழுதியிருக்கு. கீழ… கடைசியில. தப்பு என்னோடதுதாங்க. இப்பவே மூடிட்டேன்."

"நீங்க பார்த்தீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"திறந்ததும் முதல்ல அதுதான் வந்துது. பார்த்துட்டேன்."

அவள் காத்திருந்தாள். அந்தத் தடித்த கோட்டைப் பார்த்துவிட்டான். எகிறிய துடிப்பைப் பார்த்துவிட்டான். இனியாவது ஏதாவது சொல்வான்… ஏதாவது…

"மன்னிச்சுடுங்க" என்றான். அவ்வளவுதான்.

முகத்தில் ரத்தம் குப்பென்று ஏறியது. ஒரு பெண்ணின் மனது இப்படி வெட்டவெளிச்சமாகிக் கிடக்கிறது, இந்த ஆள் மன்னிப்பு மட்டும் கேட்கிறான்!

"எல்லாத்தையும் அழிச்சுடுங்க. என் பேர்ல ஒண்ணும் இருக்கக் கூடாது."

சாயங்காலமே அவள் ஓட்டங்கள் எல்லாம் ஒரே கோப்பாக அவளுக்கு வந்து சேர்ந்தன. கூடவே ஒரு செய்தி: 'இது உங்களோடது. என்கிட்ட இனிமே எதுவும் இல்ல.'

அழிக்கச் சொன்னவளும் அவள்தான். அழித்துவிட்டானே என்று தலையணையை நனைத்தவளும் அவள்தான்.

அவன் கடைக்கு வரவில்லை. அவள் ஓடுவதை நிறுத்திவிட்டாள். கதவுமணி ஒலிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. வந்தவர்கள் எல்லாருக்கும் கண்கள் இருந்தன. எந்தக் கண்ணும் அந்தக் கண்ணாக இல்லை. மழை வேறு விடாமல் பெய்து தொலைத்தது. ஒருமுறை கடைக்கு எதிர்ச் சாரியில் ஒரு சைக்கிள் நின்றது போலிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது யாருமில்லை. தானே கற்பனை செய்துகொண்டதாக நினைத்து, கண்ணாடிக் கதவைத் தேவையில்லாமல் நெடுநேரம் துடைத்தாள்.

பேக்கரிக்காரர் தயங்கித் தயங்கி மறுபடி வந்தார். கண்ணாடி இல்லாமல் அவரால் தராசைப் படிக்க முடியவில்லை.

"தம்பி மிஷினையே நிறுத்திட்டான்மா. எங்க வீட்டுக்கெல்லாம் ஒவ்வொண்ணா வந்தான். 'நம்பிக் கொடுத்தீங்க, நான் ஒழுங்காப் பார்த்துக்கல'ன்னு மன்னிப்பு கேட்டான். எனக்கென்ன போச்சு, என் தொப்பைதானே வெளிய தெரிஞ்சுதுன்னேன். சிரிக்கக்கூட இல்ல."

எல்லார் வீட்டுக்கும் போயிருக்கிறான். அவள் வீட்டுக்கு வரவில்லை. நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள். அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"சரி, தப்பு பண்ணான். ஒத்துக்கிட்டான். உன் கோபம் அவன் தப்பு பண்ணதுக்கா… இல்ல, பார்த்துட்டும் ஒண்ணும் சொல்லலைன்னா?"

அவள் மடித்துவைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள்.

"அதான் பார்த்தேன்" என்றாள் அக்கா. "போ. போய்க் கேளு. இங்க உக்காந்து என் உசிர வாங்காத."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனாள். வாட்ச் கட்டவில்லை. ஓடவில்லை. நடந்தேதான் போனாள். ஆனாலும் அச்சகத் தெரு வந்ததும் நெஞ்சு தன் வேலையைக் காட்டத்தான் செய்தது.

நீலக் கதவைத் திறந்தவன் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டான். இளைத்திருந்தான். கண்ணாடியின் ஒரு பக்கம் டேப் ஒட்டியிருந்தது.

"உள்ள வரலாமா?"

"வாங்க… வாங்க."

சிறிய சமையலறை. அலமாரியில் சர்க்கரை டப்பா. அதன் பக்கத்தில் மூடிய லேப்டாப், விளக்கு எதுவும் எரியாமல்.

"எல்லார் வீட்டுக்கும் போய் மன்னிப்பு கேட்டீங்களாமே. என் வீட்டுக்கு ஏன் வரல?"

"உங்க வீடு எனக்குத் தெரியாதுங்க."

"பொய் சொல்லாதீங்க. மேப்பைப் பார்த்தேன்னு சொன்னீங்களே. தினமும் நான் எங்கேர்ந்து ஓட ஆரம்பிக்கறேன்னு அதுலயே இருக்கு."

"அதனாலதான் தெரியாதுன்னேன்." அவன் தட்டைக் கீழே வைத்தான். "நீங்க சொல்லி எனக்குத் தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன். அது என் தப்பால தெரிஞ்சது. என்னைப் பொறுத்தவரைக்கும் அது தெரியாததுதான்."

அவன் அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தான்.

"கடைக்கு வரலாம்னு வந்தேன்… எதிர்ல நின்னேன். பூங்கா வாசல்ல ஒருத்தன் நின்னான்னு சொன்னீங்களே, அது ஞாபகம் வந்துடுச்சு. திரும்பிட்டேன்."

"அன்னிக்குப் போன்ல… மத்ததைப் பத்தி ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"எதைப் பத்தி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க…"

அவன் தலை குனிந்தது. "அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆச்சுன்னு எப்படிச் சொல்றது? சந்தோஷம் தாங்கல. அடுத்த நிமிஷமே அசிங்கமா இருந்துது. நீங்க எனக்குன்னு சொன்னது இல்லையே அது. யாருக்கும் காட்டாம வச்சிருந்தது. அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு நான் ஒரு வார்த்தை பேசினாலும்… அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் கண்களில் நீர் நிறைந்துவிட்டது. இந்த மனுஷன் பேசாமல் இருந்தது அலட்சியத்தால் என்று எத்தனை நாள் அழுதிருக்கிறாள்! கையில் வந்து விழுந்த ஆசையைத் தொடாமல், இங்கே உட்கார்ந்து தட்டுத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"சரி" என்றாள். "அது மிஷின் சொன்னது. விட்டுடுங்க. இப்ப நான் சொல்றேன்… கேட்டுக்கோங்க. உங்க தெருவுல நான் ஓடினது உங்களுக்காகத்தான். சைக்கிள் நிக்குதான்னு பார்க்கத்தான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப… ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவன் பக்கத்தில் இருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றினான். அந்தக் கண்கள்… அதே ஈர இமைகள். இன்றைக்கு மழை இல்லை.

"எனக்கும்தாங்க" என்றான். "நீங்க பள்ளம் பள்ளம்னு சொல்லிக்கிட்டே முன்னால நடந்தீங்களே… பள்ளமே இல்லாத இடத்துல ஒரு தடவை சொன்னீங்க. எனக்குத் தெரியும். இருந்தாலும் காலைத் தூக்கி வச்சேன். அப்பலேர்ந்தே உங்களைப் பிடிக்கும். சொல்ற தைரியம்தான் வரல."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், எந்த ஊருக்கும் எந்த மனிதருக்கும் இனிமேல் சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததைச் சொன்னாள்.

"எங்க வீடு நூலகத்துக்குப் பின்னாடி. மஞ்சள் கேட். மாடியில முதல் கதவு. ஜன்னல்ல சாம்பல் நிறத் திரை போட்டிருக்கும். அக்கா இருப்பா… திட்டுவா. வர்றீங்களா?"

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தான். செருப்பைத் தேடினான். கதவைப் பூட்டினான். அச்சகத் தெரு முனையில் நின்று, வழி தெரியாதவனாக அவளைப் பார்த்தான்.

"இந்தப் பக்கமாங்க?"

"ம்… இந்தப் பக்கம்தான்."

வீடு போய்ச் சேரும்வரை ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் நின்று கேட்டான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் சொன்னாள்.